பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும்

ஒசாகாவில் மூன்று வருஷம் தட்டுக் கழுவியதில்
எனக்கு மிஞ்சியவை இரண்டு:
முழங்கை வலி, அரைகுறை ஜப்பானிய மொழி.
முதலாவதை இந்தக் குளிர் கவனித்துக்கொள்கிறது.
இரண்டாவதற்காகத்தான் செவெல்மா
அர்வைஹீரில் என்னை முன்சீட்டில் ஏற்றினாள்,
கட்டணத்தில் ஐயாயிரம் தள்ளி.

யாரோ ஒரு நகோயாக்காரர் ஓட்டிச் சலித்த வண்டி.
ஸ்டீயரிங் வலப்பக்கம். எங்கள் சாலையும் வலப்பக்கம்.
அதனால் எதிரே லாரி வருகிறதா என்று
எட்டிப் பார்த்துச் சொல்வதும் என் தலையில்.
பின்சீட்டில் விடுமுறை முடிந்த சிப்பாய் ஒருவன்
முழு ஆட்டை மடக்கிக் கட்டிய மூட்டைமேல்
கால்நீட்டித் தூங்குகிறான்.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.

கிளம்பும்போதே டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் லாடம்,
அதன் நடுவே ஆச்சரியக்குறி.
"டயர். குளிரில் காற்றும் உடம்பைக் குறுக்கிக்கொள்ளும்.
அளந்துவிட்டேன், எரியட்டும்."
அடுத்தது நீலத் தெர்மாமீட்டர்: என்ஜினுக்கு இன்னும் விடியவில்லை.
அதற்குத்தான் முன்கிரில்லில்
கூடாரத்துக் கம்பளியின் கிழிசலைச் செருகியிருக்கிறாள்.
இருபதாவது கிலோமீட்டரில் நீலம் அணைந்தது.
சிவப்பைப் பற்றிக் கேட்டேன்.
"வந்ததில்லை" என்றாள்.

எர்தெனெசாந்த் தாண்டியதும் வந்தது.
முக்கோணம். கூடவே விடாத மணி.
திரையில் இரண்டு வரி.
செவெல்மா சாலையை விட்டு என்னைப் பார்த்தாள்.
படித்தேன்:
ஹைபிரிட் பாகத்தில் அதிகச் சூடு.
பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும்.

இரண்டு பக்கமும் பார்த்தோம்.
வெள்ளை. ஒரு மின்கம்பம். வெள்ளை.
"எந்த இடம் என்று எழுதியிருக்கிறதா?"
எழுதியிருக்கவில்லை.

பானட்டைத் திறந்தோம்.
சூடு சூடு என்று அலறிய பெட்டியிலிருந்து கிளம்பும் குழாய்
கல்லாகக் கிடந்தது.
தட்டினால் விறகுச் சத்தம்.
அவள் தட்டிய விரலை எடுக்கவில்லை.
"ஜூலையில்," என்றாள்,
"அந்த ரோஜா நிறத் திரவம் லிட்டர் பதினைந்தாயிரம் கேட்டான்.
ஊற்றுத் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது."
அவ்வளவுதான் சொன்னாள்.
ஜூலைத் தண்ணீர் உறைந்து வழியை அடைத்துக்கொள்ள
பெட்டி உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது,
ஒரு முழம் தள்ளி உலகமெல்லாம் ஐஸாக இருக்க.

சிப்பாய் எழுந்து வந்தான். எதுவும் கேட்கவில்லை.
அவனுடைய ஃபிளாஸ்க்கைத் திறந்து
உப்புப் போட்ட பால் தேநீரைக்
குழாய்மேல் நூலாக ஊற்றினான்.
பிறகு என்னுடையது.
பிறகு கிரில்லிலிருந்து உருவிய கம்பளியை
குழந்தைக்குச் சுற்றுவதுபோல் சுற்றினாள் அவள்.
இருபது நிமிஷம்.
எனக்கு இமை ஒட்டிக்கொண்டது.
சிப்பாய் குதித்துக்கொண்டே இருந்தான்.
சின்னத் தொட்டிக்குள் ஒரு குமிழி
புரண்டு படுத்தது.

மறுபடி கிளப்பியபோது முக்கோணம் இல்லை.
மஞ்சள் லாடம் அப்படியே.
எப்போதும்போல வண்டிக்குள்ளிருந்து அந்தப் பெண்குரல்
மெல்லியதாக ஒரு வாக்கியம் சொன்னது.
"ம், நல்லது" என்று செவெல்மா பதில் சொல்லி
ஸ்டீயரிங்கைத் தொட்டுக்கொண்டாள்.
"ஆறு வருஷமாகத் தினமும் வாழ்த்தி அனுப்புகிறாள்.
என்ன சொல்லித்தான் வாழ்த்துகிறாள்?"

நான் மழுப்பியிருக்கலாம்.
"சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை, என்கிறாள்."

மூன்று கிலோமீட்டர் அவள் பேசவில்லை.
ஹீட்டர் வழியே தீய்ந்த பாலின் வாசனை.
ஒரு லாரி வந்தது, சொன்னேன்,
காத்திருந்து முந்தினாள்.
"பாவம்," என்றாள் பிறகு,
"ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்."

லுன் சாவடியில் ஆயிரம் துக்ரிக் கொடுத்து
வாங்கிய காகித ரசீதை
இரண்டாக மடித்தாள்.
வாயைத் திறந்தபடி இருந்த அந்தப் பிளவுக்குள்
பாதிவரை செருகினாள்.
அதற்குமேல் போகவில்லை.